சைகோன் சொட்டு, காரைக்கால் தம்ளர்

கரிய டிகாஷன், டின் பால், தம்ளர் நிறைய ஐஸ். வியட்நாம் காப்பியை இன்று பலர் புதிதாகக் கண்டெடுக்கிறார்கள். காரைக்கால்காரர்களுக்கோ அது பாட்டன் காலத்துக் கடல்வழியின் மிச்சம்.

கத்திரி வெயில், பிற்பகல் மூன்று மணி. மேல்காற்று அடங்காத நாளென்றால் காரைக்காலில் பக்கத்தில் கடல் இருப்பதே மறந்துபோகும். அரசலாற்றுப் பாலத்தில் நின்றாலும் முகத்தில் அடிப்பது அனல்தான். அந்நேரத்துக்கு அடுப்பு மூட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அம்மாவின் சட்டம். ஆனால் மூன்று மணிக் காப்பியை மட்டும் அவரால் விட முடியாது. சுடச்சுடக் குடித்துவிட்டு, கழுத்து வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, "இது உள்ள போனாத்தான்டி வெயிலே தாங்குது" என்பார்.

இந்தக் கோடையில் அதே நேரத்துக்கு, அதே ஃபில்டரில், வேறொரு காப்பி போட்டேன். கண்ணாடித் தம்ளரின் அடியில் இரண்டு கரண்டி டின் பால். அதன் மேல் தார் போலக் கறுத்த டிகாஷன். கீழே வெள்ளை, மேலே கறுப்பு, நடுவில் ஒரு கோடு. கரண்டியால் கலக்கினதும் கோடு கரைந்து, வண்டல் சுமந்து வரும் காவிரித் தண்ணீரின் நிறம் வந்தது. அதை ஐஸ் நிரம்பிய இன்னொரு தம்ளரில் ஊற்றினேன். அம்மா ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கசக்குது. ஆனா விடமாட்டேங்குது" என்றார்.

இந்தக் காப்பியின் குணம் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. வியட்நாமில் இதன் பெயர் 'கா ஃபே ஸுவா டா'. கா ஃபே என்றால் காப்பி, ஸுவா என்றால் பால், டா என்றால் கல். ஐஸை அவர்கள் 'கல்நீர்' என்றே சொல்கிறார்கள். வானத்திலிருந்து பனிக்கட்டி விழுந்தால் நாமும் கல்மழை என்றுதானே சொல்கிறோம்!

இந்தத் தம்ளரை வீட்டில் எப்படி நிரப்புவது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் செய்முறையை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. கும்பகோணத்தை ஒட்டி ஓடிவரும் அரசலாறு காரைக்காலில்தான் கடலைத் தொடுகிறது. டிகாஷன் காப்பியின் ஊர் ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது. சைகோன் கடலின் அக்கரையில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கிற முகத்துவாரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் காப்பியை வேற்றுநாட்டுப் பண்டம் என்று சொன்னால், நம் ஊரின் கதையையே நாம் மறந்துவிட்டோம் என்று ஆகும்.

கொச்சின்சீனாவுக்குப் போனவர்கள்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் கைக்கொண்டது 1739இல். சைகோனைப் பிடித்தது 1859இல். 1862 உடன்படிக்கைக்குப் பிறகு மெக்காங் ஆற்றுப் படுகை அவர்களுடைய 'கொச்சின்சீனா' ஆயிற்று. புதிய குடியேற்றத்தை நடத்த ஆட்கள் வேண்டும்: பிரெஞ்சு தெரிந்தவர்கள், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள், வெப்பம் தாங்குகிறவர்கள். அந்த ஆட்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கிடைத்தார்கள்.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஓர் அரசாணை இந்தப் பயணத்துக்கு வேகம் கொடுத்தது. இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொள்பவருக்குப் பிரெஞ்சுக் குடிமகனின் உரிமை உண்டு என்றது அந்த ஆணை. அப்படித் துறந்தவர்களில் பலர் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். சாதியின் பெயரால் சொந்த ஊரில் ஒடுக்கப்பட்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு. காவல், தபால், சுங்கம், நீதிமன்றம் என்று சைகோனின் அலுவலகங்களில் அவர்கள் அமர்ந்தார்கள். குடிமகன் என்ற முறையில் சம்பளமும் வாக்குரிமையும் கேட்டு வாங்கினார்கள். வரலாற்றாய்வாளர் நடாஷா பெரோதோ 2016இல் வெளியிட்ட 'மொபைல் சிட்டிசன்ஸ்' என்ற நூல் முழுக்க இவர்களைப் பற்றியதுதான்.

உத்தியோகத்துக்குப் போனவர்கள் ஒரு பக்கம் என்றால், வியாபாரத்துக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். கடல் கடந்து சம்பாதிக்கப் போகும் ஆளை நம் கரையோர முஸ்லிம் குடும்பங்களில் 'சபுராளி' என்பார்கள். காரைக்கால், நாகூர்ப் பக்கத்துச் சபுராளிகளுக்கு மலாயா, பர்மாவைப் போலச் சைகோனும் பழகிய துறைமுகம். அங்கே காத்தினா வீதியில் தமிழ் முஸ்லிம்களின் துணிக்கடைகள் இருந்தன. அதையொட்டிய தோங் யூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. வட்டித்தொழில் செய்யப் போன நகரத்தார் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். மாரியம்மன் கோயிலும் நகரின் நடுவில் நிற்கிறது; இப்போது அங்கே விளக்கேற்றி வேண்டிக்கொள்பவர்களில் மிகுதியானவர்கள் வியட்நாமியர்கள். நம் 'கறி' அவர்கள் நாவில் 'கா ரி' ஆகி, ரொட்டித்துண்டோடு தெருக்கடைகளில் விற்கிறது.

1954 இந்த இரண்டு கரைகளுக்கும் ஒரே நேரத்தில் திருப்பமான ஆண்டு. மே 7ஆம் தேதி தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. நவம்பர் 1ஆம் தேதி காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி விடைபெற்றது. இந்தோசீனப் போரில் பிரெஞ்சுச் சீருடையில் நின்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய அவர்களை மக்கள் 'சொல்தா' என்றே அழைத்தார்கள். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அது. 1975இல் சைகோன் விழுந்தபின் எஞ்சியிருந்த குடும்பங்களும் கிளம்பின. சிலர் பிரான்சுக்கு, சிலர் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும்.

திரும்பி வந்தவர்களின் பெட்டியில் பட்டும் பீங்கானும் வந்ததைப் போல நாக்கின் பழக்கமும் வந்தது. புதுச்சேரியின் பழைய குடும்பங்கள் சிலவற்றில் விசேஷ நாட்களில் வியட்நாம் சுருள் பலகாரமான 'நேம்' இன்றும் பொரிகிறது. அந்த அடுப்படிகளுக்கு டின் பாலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கறவை குறைந்த நாட்டில் பால் காப்பி

காப்பிக்கு டின் பால் ஏன்? வியட்நாமியர்களின் பழைய சமையலில் பாலுக்கு இடமில்லை. மாடு உழவுக்கு, குழந்தைக்குத் தாய்ப்பால். காப்பியில் பால் ஊற்றிக் குடிக்கும் பழக்கத்தோடு வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த வெப்பத்தில் கறந்த பாலுக்குத் தவித்தார்கள். அந்தத் தவிப்பைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர்கள் தமிழர்கள். சைகோனின் ஓரத்தில் மாடு வைத்து, கறந்து, வீடு வீடாகப் பால் ஊற்றினார்கள். இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது, சைகோனின் விடியற்காலையில் ஒரு தமிழ்ப் பால்காரர் கதவைத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டதுபோல இருந்தது.

ஆனால் கறந்த பால் எல்லாருக்கும் எட்டவில்லை. மதியம் தாண்டினால் திரிந்தும் போனது. அங்கேதான் டின் பால் நுழைந்தது. பாலின் நீரை வற்றவைத்துச் சர்க்கரை சேர்த்து டின்னில் அடைக்கும் முறைக்கு அமெரிக்காவின் கெய்ல் போர்டன் 1856இல் காப்புரிமை பெற்றார். பத்தே ஆண்டில், 1866இல், சுவிட்சர்லாந்தில் ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி தொடங்கியது. 1905இல் அது நெஸ்லேயோடு இணைந்தது. அடர்ந்த சர்க்கரை, கிருமிகளுக்கு வேண்டிய ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் டின் பால் கெடுவதில்லை. ஊறுகாயை உப்பு காப்பாற்றுவதும் இந்த வழியில்தான். கப்பலில் மாதக்கணக்கில் கிடந்தாலும், ஃப்ரிட்ஜ் இல்லாத கடையில் அடுக்கிவைத்தாலும் டின்னுக்கு ஒன்றும் ஆகாது. நமக்கு இது மில்க்மெய்ட். இலங்கைத் தமிழர்களுக்கு டின் பால். சிங்கப்பூர், மலேசியாவில் கோப்பிக்கும் தே தாரிக்குக்கும் இதுதான் உயிர். வெயிலும் துறைமுகமும் உள்ள இடமெல்லாம் இந்த டின் போய்ச் சேர்ந்தது.

தட்டுப்பாடு புதிய காப்பிகளைப் பெற்றெடுத்திருக்கிறது. 1946இல் ஹனோயில் பால் கிடைக்காமல் போனபோது, மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஸாங் என்பவர் முட்டை மஞ்சள்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காப்பியின் மேல் மிதக்கவிட்டார். அந்த முட்டைக் காப்பி இன்று ஹனோயின் அடையாளம். கிடைத்ததை வைத்து நல்லதைச் செய்துவிடும் கைக்கு எந்த நாடாக இருந்தாலும் ஒரே மரியாதைதான் தர வேண்டும்.

கசப்பின் கொட்டை

வியட்நாமுக்குக் காப்பிச் செடி வந்தது 1857இல், பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிமார்களோடு. இன்று பிரேசிலுக்கு அடுத்து உலகில் அதிகம் காப்பி விளைவது அங்கேதான். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ரொபஸ்டா. நடுப்பகுதி மேட்டுநிலத்தில், தாக் லாக் மாகாணத்தின் புவோன் மா துவொத்தைச் சுற்றியுள்ள செம்மண்ணில் அது விளைகிறது.

ரொபஸ்டா முரட்டுக் கொட்டை. தாழ்வான நிலத்திலும் வளரும், நோயைத் தாங்கும். அராபிகாவில் 1.2 முதல் 1.5 சதவீதம் வரை இருக்கும் கஃபீன் இதில் 2 சதவீதத்துக்கு மேல். இனிப்பும் எண்ணெயும் குறைவு. எனவே கசப்பு தூக்கலாக இருக்கும், கனம் அதிகம். வியட்நாமில் இதைக் கருக்க வறுத்து, கடைசியில் வெண்ணெய் போட்டுப் புரட்டுவார்கள். கறுப்பு மினுமினுப்போடு ஒரு கோக்கோ வாசம் ஏறும். இப்படிப்பட்ட கசப்புக்குச் சாதாரணப் பாலும் ஒரு கரண்டிச் சர்க்கரையும் ஈடு கொடுக்காது. டின் பாலின் பிடிவாதமான இனிப்புதான் சரிக்குச் சரி நிற்கும்.

ரொபஸ்டா நமக்கும் புதிதில்லை. இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழ 70 சதவீதம் அதுதான். குடகிலும் வயநாட்டிலும் மலைமலையாக விளைகிறது. வியட்நாமின் விளைச்சல் 1990களில் பெருகிச் சந்தையில் கொட்டியபோது, 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் வயநாட்டு விவசாயி விலை கிடைக்காமல் நொடிந்தார். 2024இல் வியட்நாமில் வறட்சி வந்து வரத்து குறைய, ரொபஸ்டா விலை உலகச் சந்தையில் வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. நம் தெருக் காப்பித்தூள் கடையின் விலைப்பலகையும் கூடவே ஏறியது. தாக் லாக்கில் மழை பெய்ததா என்பது காரைக்கால் அடுப்படியின் விஷயம்தான்.

ஃபின்னும் ஃபில்டரும்

வியட்நாமியர்களின் காப்பிக் கருவிக்கு 'ஃபின்' என்று பெயர். ஃபில்டருக்கான பிரெஞ்சுச் சொல்தான் அவர்கள் வாயில் அப்படிச் சுருங்கியது. தம்ளரின் மேல் உட்காரும் ஓட்டைத் தட்டு, அதன்மேல் சிறிய கிண்ணம், தூளை அழுத்த ஒரு வில்லை, மூடி. மொத்தமே நான்கு உறுப்புகள்.

இதைக் கையில் எடுத்துப் பார்க்கும் எந்தத் தமிழ் வீட்டுப் பெண்ணும் உடனே, "அட, நம்ம ஃபில்டரோட மேல்பாகம்!" என்பார். சரியான பார்வை. 1800 வாக்கில் பாரிஸின் தெ பெல்லுவா பெயரால் வழங்கிய சொட்டுக் கெண்டியின் சாயல் இரண்டிலும் உண்டு: மேலே தூள், நடுவே ஓட்டை, கீழே சொட்டு. நம்முடையதில் கீழ்ப்பாத்திரம் சேர்ந்தே வரும். அவர்கள் தம்ளரிலேயே இறக்கிவிடுகிறார்கள். ஓட்டையின் அளவும் வேறு. ஃபின்னில் நான்கைந்து நிமிடத்தில் இறங்கிவிடும். நம் ஃபில்டருக்குக் கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஆக, வியட்நாம் காப்பி போட ஃபின்னைத் தேடி அலைய வேண்டாம். கும்பகோணம் பித்தளை ஃபில்டரோ எவர்சில்வர் ஃபில்டரோ போதும். நான் இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். ஃபின்னில் வாசம் துடிப்பாக இருக்கிறது. நம் ஃபில்டரில் டிகாஷன் கள்ளிச்சொட்டாக விழுகிறது. ஐஸில் போடுவதற்கு எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

போடும் விதம்

முதலில் தூள். வழக்கமாக வாங்கும் சிக்கரி கலந்த தூளில் முதல் தடவை போட்டுத் தோற்றேன். சிக்கரி டிகாஷனுக்குக் கெட்டித்தன்மை தரும். ஆனால் ஐஸில் அதன் மண்வாடை தனியாகத் தெரிகிறது. எனவே காப்பித்தூள் கடையில் இப்படிக் கேளுங்கள்: "சிக்கரி வேண்டாம், ரொபஸ்டா முக்கால் பங்கு, பிளாண்டேஷன் கால் பங்கு, கருவறுவல், அரைவை ரவை பதம்." சுத்த ரொபஸ்டாவே வேண்டும் என்பவர்கள் அதையே கேட்கலாம், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பிளாண்டேஷன் என்னும் அந்தக் கால் பங்கு அராபிகா கசப்பைக் கொஞ்சம் தணித்துக் கொடுக்கும்.

வீட்டில் வறுக்கப் பொறுமை இருந்தால், பச்சைக் கொட்டை கால் கிலோவை அடிகனமான இரும்புச் சட்டியில் மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் புல்வாசம், பிறகு பொரிவாசம், படபடவென்று ஒரு முறை வெடிக்கும். கொஞ்சம் அடங்கி, மெல்லிய சத்தத்தோடு இரண்டாம் முறை வெடிக்கத் தொடங்கும்போது இறக்கி, ஒரு தேக்கரண்டி வெண்ணெய் போட்டுப் புரட்டி, அகலத் தட்டில் கொட்டி ஆற்றுங்கள். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், புகை வரும். முழுக்க ஆறிய பிறகு, மறுநாள், மிக்ஸியில் விட்டுவிட்டு அரைக்கலாம். வெண்ணெய் சேர்ந்த தூள் சீக்கிரம் காறிப்போகும்; பதினைந்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

இரண்டு பேருக்கு 35 கிராம் தூள், அதாவது குவித்து ஐந்து மேசைக்கரண்டி. ஃபில்டரின் மேல்பாகத்தில் போட்டுச் சமமாகத் தட்டுங்கள். குடையை வைத்து லேசாக அழுத்தினால் போதும். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இறக்கி அரை நிமிடம் கழித்து, முதலில் நான்கு மேசைக்கரண்டி மட்டும் சுற்றிலும் ஊற்றுங்கள். தூள் உப்பிப் பெருமூச்சு விடும். வறுத்த கொட்டையில் அடைபட்டிருந்த காற்று வெளியேறுகிறது. அது போனால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். அரை நிமிடம் பொறுத்து இன்னும் 120 மில்லி ஊற்றி மூடிவிடுங்கள்.

இனிக் காதை அங்கே வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். சொட்டு ஒன்றன்பின் ஒன்றாக விழ வேண்டும். ஓடையாகக் கொட்டினால் அரைவை பருமன். நின்றே போனால் அரைவை நைசு அல்லது குடை அழுத்தம் அதிகம். நான் இரண்டாவது தடவை தோற்றது இங்கேதான். மைதாவைப் போல அரைத்த தூளைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். "ஏன்டி, இன்னுமா எறங்கல? மூடியத் தட்டிப் பாரு" என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தபடியே இருந்தார். தட்டியும் பயனில்லை. மூன்றாவது தடவை ரவை பதத்தில் போட்டதும் பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. 35 கிராம் தூள் தனக்கென்று கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொள்ளும்; கீழே சுமார் 110 மில்லி கிடைக்கும். ஆளுக்கு 55 மில்லி. இரண்டாம் டிகாஷன் இதற்கு ஆகாது.

அடுத்து வரிசை. இதில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் கனமான கண்ணாடித் தம்ளரில் ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி டின் பால். அதன்மேல் டிகாஷன். இறங்குவதற்குள் ஆறியிருந்தால் பாத்திரத்தைக் கொதிநீரில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். சூட்டோடு சூடாக அடிவரை கலக்க வேண்டும். கலந்த பிறகே ஐஸ். ஐஸை முதலில் போட்டால் டின் பால் குளிர்ந்து இறுகி அடியில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை கலக்கினாலும் கரையாது.

டின் பால் வாங்க வேண்டாம் என்பவர்களுக்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. திரட்டுப்பால் கிண்டத் தெரிந்த கைக்கு இது சின்ன வேலை. ஒரு லிட்டர் கெட்டிப் பால், கால் கிலோ சர்க்கரை, ஒரு சிட்டிகை சமையல் சோடா. அடிபிடிக்காமல் கிளறி, மூன்றில் ஒரு பங்காக வற்றி, கரண்டியிலிருந்து பட்டுநூல் போல வழியும்போது இறக்குங்கள். திரளும்வரை விடக்கூடாது, ஆறினால் இன்னும் கெட்டிப்படும். பழுப்பேறி, காய்ச்சிய வாசத்தோடு இருக்கும் இந்தப் பாலில் போட்ட காப்பியை, டின் பாலில் போட்டதைவிட ஒரு படி மேலாக வைப்பேன்.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை

மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீனுக்குப் போடும் பார் ஐஸைக் குடிக்கும் பண்டத்தில் போடவே கூடாது. அது குடிநீரில் செய்தது என்று நம்ப இடமில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வீட்டு ஃப்ரீசரில் உறையவிடுங்கள். கருவாட்டு மணமும் மல்லித்தழை மணமும் ஐஸில் ஏறும் என்பதால் மூடியுள்ள தட்டாக இருக்கட்டும். பெரிய கட்டிகளாக இருந்தால் மெதுவாகக் கரையும். முதல் வாய் கடுப்பாகவும் கடைசி வாய் மென்மையாகவும் இருப்பதுதான் இந்தக் காப்பியின் நடை. டிகாஷனை அவ்வளவு கனமாக இறக்குவது, கரையும் ஐஸுக்கும் சேர்த்துத்தான்.

மெதுவாகக் குடிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. ரொபஸ்டாவில் கஃபீனும் கூடுதல். நாம் பாலில் கலந்து குடிக்கும் ஃபில்டர் காப்பியைவிட இதன் வீரியம் அதிகம். நாளைக்கு ஒரு தம்ளர் போதும், மாலை நான்கு மணிக்குப் பிறகு வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் டின் பாலைத் தவிர்த்து, அதே டிகாஷனில் ஐஸும் வற்றக் காய்ச்சிய சர்க்கரையில்லாப் பாலும் சேர்த்துக் குடிக்கலாம். கர்ப்பிணிகளும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் கைவண்ணம்

அடிப்படை கைவந்துவிட்டால் கிளைகள் பல. டிகாஷனைக் குறைத்துப் பாலைக் கூட்டினால், சைகோனின் சீனர்கள் பழக்கிய 'பக் ஸியூ' ஆகும். காப்பி புதிதாகக் குடிப்பவர்களுக்கு ஏற்றது. ஹுவே நகரில் 2010 வாக்கில் பிறந்த உப்புக் காப்பியில், நுரைத்த பாலாடையில் ஒரு சிட்டிகை உப்பு சேர்ப்பார்கள். கசப்பு அடங்கி இனிப்பு முன்னே வரும். தேங்காய்ப்பாலோடு ஐஸை அரைத்து அதன்மேல் டிகாஷன் ஊற்றுவதும் அங்கே வழக்கம். தென்னை இல்லாத கொல்லையே அரிதான நம் டெல்டாவுக்கு இது சொல்லிவைத்தாற்போல் பொருந்தும். முதல் தேங்காய்ப்பால் அரைத் தம்ளர், டின் பால் ஒன்றரைக் கரண்டி, ஐஸ்; மிக்ஸியில் ஒரு சுற்று, மேலே டிகாஷன். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வந்த விருந்தினருக்கு இதைக் கொடுத்தேன். தம்ளரைக் கீழே வைத்ததும் முதலில் கேட்டது செய்முறையைத்தான்.

கேட்டு வைக்க வேண்டியது

இந்தக் காப்பியைப் போடப் பழகிய பிறகு நான் தெருவில் கேட்கத் தொடங்கிய கேள்வி ஒன்று உண்டு: "உங்க வீட்டுல யாராவது சைகோன் போயிருக்காங்களா?" 1975இல் இருபது வயதில் சைகோனை விட்டு வந்தவருக்கு இன்று எழுபது வயதாவது ஆகியிருக்கும். 1954இல் கப்பலில் குழந்தையாகத் திரும்பியவர் அதையும் தாண்டியிருப்பார். ஆவணக் காப்பகங்களில் அரசாணை இருக்கும், கப்பல் பட்டியல் இருக்கும், ஓய்வூதியக் கோப்பு இருக்கும். அங்கே காலையில் என்ன குடித்தார்கள், டின்னில் எத்தனை துளை போட்டார்கள், காலி டின்னை அரிசி அளக்க வைத்துக்கொண்டார்களா என்பதெல்லாம் ஆட்களின் நினைவில் மட்டும்தான் இருக்கும். அந்த நினைவு ஒவ்வொரு வீடாக அணைந்துவருகிறது. ஒரு தம்ளர் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். வெறுங்கையோடு கேட்டால் "அதெல்லாம் பழங்கதை" என்பவர்கள், தம்ளரைக் கையில் வாங்கியதும் பேசுவார்கள். பேசும்போது எழுதி வையுங்கள், தேதியும் ஊரும் பெயரும் விடாமல்.

எங்கள் வீட்டில் இப்போது காப்பித்தூள் டப்பா இரண்டு. ஒன்று வழக்கமானது. ரவை பதத்து டப்பா இன்னொன்று. எது எது என்று குழம்புகிறது என்று ஒரு நாள் அம்மா காகிதம் கிழித்து, பசை தடவி, இரண்டாவதின் மேல் ஒட்டினார். ரொபஸ்டா என்றோ ஐஸ் காப்பி என்றோ எழுதவில்லை. தன் சாய்ந்த கையெழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: 'சைகோன்.' மூன்று மணிக்கு இப்போது அவர் கேட்பதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான்.